பணம் கட்டும் முன் பாடத்தின் தேதியைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு செயலி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் முடிவு செய்தது 2022ஆம் ஆண்டின் நடுவில். சொந்த ஊர் முக்கூடல். பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு, திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலும் சரி, கடையிலும் சரி, இந்தத் தொழில் தெரிந்தவர் என்று போய்க் கேட்க ஒருவரும் இல்லை. இன்று நான் எழுதிய செயலி பிளே ஸ்டோரில் இருக்கிறது. அங்கே வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய 94,000 ரூபாய் செலவாகிவிட்டது. விவரம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். பீடி சுற்றியும் வயல் வேலை பார்த்தும் சேர்த்த காசைப் பிள்ளைகளின் கணினிப் படிப்புக்கு எடுத்துக் கொடுக்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. அந்தக் காசு இன்னொரு வீட்டிலும் இப்படிப் போய்விடக் கூடாது.

முதலில் சேர்ந்தது ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பயிற்சி மையத்தில். ஆறு மாதப் படிப்புக்கு 40,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 35,000 என்றார்கள். மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது, கங்கைகொண்டானில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, படித்து முடித்தால் சென்னைக்குப் போகாமலே வேலை கிடைக்கும் என்றார்கள். அந்த இரண்டு இடங்களும் இருப்பது உண்மை. ஆனால் இந்த மையத்துக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது பணம் கட்டி வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தாள்.

வகுப்பில் கொடுத்தது ஜெராக்ஸ் எடுத்த ஒரு கட்டுக் குறிப்பு. எல்லாம் ஜாவா என்ற நிரல்மொழியில். பின்னணியில் நடக்க வேண்டிய வேலைகளுக்கு ஏசிங்க்டாஸ்க் என்ற முறையைப் பல வாரங்கள் நடத்தினார்கள். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 பதிப்போடு, அதை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று கூகுள் ஒதுக்கி வைத்துவிட்டது. கோட்லின் என்ற பெயரே வகுப்பில் வரவில்லை. 2017 மே மாதமே கோட்லின் ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாகிவிட்டது. 2019இல் கோட்லினுக்கே முதலிடம் என்று அறிவித்தார்கள். திரைகளை அமைக்க ஜெட்பேக் கம்போஸ் என்ற புதிய முறையின் முதல் நிலையான பதிப்பு 2021 ஜூலையில் வந்துவிட்டது. இவை எதுவும் அந்தக் குறிப்புகளில் இல்லை. அவற்றில் இருந்ததை அப்படியே வீட்டில் தட்டினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. காரணம் கேட்டால் "உங்கள் லேப்டாப்பில் கோளாறு" என்று முடித்துவிடுவார்கள். உண்மையில், நூலகங்கள் எனப்படும், பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை இறக்கித் தரும் ஜேசென்டர் என்ற களஞ்சியத்தை அந்தக் குறிப்புகள் நம்பியிருந்தன. அதை மூடப்போவதாக நடத்தியவர்களே 2021 பிப்ரவரியில் அறிவித்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. கணக்குப் படித்த தலைக்கு இது ஏறாது போலிருக்கிறது என்று இரவில் படுக்கையில் நினைத்து நினைத்து வெந்திருக்கிறேன். காசு போனதைவிட அந்த நினைப்புதான் என்னை அதிகம் வருத்தியது. பாடம் பழையதாக இருந்தால், எத்தனை கெட்டிக்கார மாணவரும் தன்னைத்தான் சந்தேகிப்பார்.

ஜாவா பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பழைய செயலிகளைப் பராமரிக்கும் நிறுவனங்களில் அதற்கு இன்றும் வேலை இருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு, ஒதுக்கப்பட்ட முறைகளை 2022இல் காசு வாங்கிக்கொண்டு கற்பிப்பது நியாயமில்லை. ஆகவே, எந்த மையமாக இருந்தாலும் பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள். பாடத்திட்டத்தைக் கையில் வாங்குங்கள். அதில் கோட்லினும் கம்போஸும் இருக்கின்றனவா, அல்லது ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் எழுத உதவும் ஃப்ளட்டர் வகுப்பு என்றால் இப்போதைய பதிப்பா என்று பாருங்கள். பிறகு, பாடம் நடத்தப்போகிறவரிடமே செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் இன்றைய பதிப்பில் ஒரு புதிய புராஜெக்டைத் தொடங்கி, உங்கள் போனில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை. அதற்கு இழுத்தடிப்பவரிடம் சேர வேண்டாம். முந்தைய ஆண்டு படித்தவர் ஒருவரின் செயலியைக் காட்டச் சொல்லுங்கள். கட்டணத்தை மாதத் தவணையில் மட்டும் கட்டுங்கள், தள்ளுபடிக்காக மொத்தமாகக் கொடுக்காதீர்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் பாதியில் நின்று பணத்தைக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கம் சிறிய எழுத்தில் "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று இருந்ததைக் காட்டினார்கள். இப்படிப்பட்ட குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த செலவு லேப்டாப். 18,000 ரூபாய்க்குப் பழையது ஒன்று வாங்கினேன். 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திறந்து முடிக்கும் முன் குளித்துவிட்டு வந்துவிடலாம். 8 ஜிபி ரேம் என்பது கீழ்வரம்பு. 16 இருந்தால் நிம்மதி. ரேமைவிடவும் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம். இரண்டையும் மாற்ற 5,500 ரூபாய் ஆனது. அன்றிலிருந்துதான் மாலை நேரத்தில் உருப்படியாக எதையாவது செய்ய முடிந்தது. பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள், ரேம் போட இன்னொரு இடம் காலியாக இருக்கிறதா என்று கடையில் திறந்து காட்டச் சொல்லி வாங்குங்கள். கணினிக்குள்ளேயே போனைப் போல ஓடும் எமுலேட்டர் நினைவகத்தை விழுங்கிவிடும். அதை விட்டுவிட்டு உண்மையான போனையே பயன்படுத்துங்கள். போனின் அமைப்புகளில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில், கணினியில் இருந்து போனில் செயலியை ஓட்டிப் பார்க்க உதவும் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கினால் போதும். கணினி போனைக் கண்டுகொள்ளாவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டும்தான் கடத்தும், தரவைக் கடத்தாது. இது தெரியாமல் நான் கணினியில் இருந்ததை அழித்து எல்லாவற்றையும் மறுபடி நிறுவியிருக்கிறேன். இன்னொன்று, புதிய புராஜெக்டை முதல் முறை ஓட்டும்போது நிறையக் கோப்புகள் இறங்கும். போனின் அன்றாட டேட்டாவை நம்பி அதைத் தொடங்க வேண்டாம்.

மையத்தை விட்டு நின்ற பிறகு வழி கேட்டவர்கள் எல்லாம் வேறு வேறு வழி சொன்னார்கள். ஒருவர் ஃப்ளட்டர் என்றார், ஒருவர் அதே வகையைச் சேர்ந்த ரியாக்ட் நேட்டிவ் என்றார், இன்னொருவர் ஐபோனில்தான் காசு என்றார். இதில் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்ததில் 2022இன் கடைசி மாதங்கள் கரைந்தன. கடைசியில் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: நான் எழுதப்போவதை யார் பயன்படுத்தப்போகிறார்கள், அவர்கள் கையில் என்ன போன் இருக்கிறது? ஐபோன் செயலியை உருவாக்க மேக் கணினி வேண்டும், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஐபோனே இல்லை. ஒரே நிரலை இரண்டு வகைப் போனுக்கும் கொண்டுபோவதுதான் ஃப்ளட்டரின் பெரிய பலம். எனக்கு அந்தத் தேவை இல்லை. ஆகவே கோட்லின். உங்கள் பதில் வேறாக இருக்கலாம். எதுவானாலும் ஒன்றில் ஒரு செயலியை முழுதாக முடிக்கும் வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே, நிரலாக்கம் அறவே தெரியாதவர்களுக்காகக் கோட்லினையும் கம்போஸையும் அடிப்படையில் இருந்து சொல்லித்தரும் முழுப் பாடத்திட்டம் இலவசமாக இருக்கிறது. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. 35,000 ரூபாய்க்குக் கிடைக்காதது அங்கே ஒரு காசு இல்லாமல் இருந்தது. அந்த இணையதளத்தின் பக்கங்களில் அடியில், கடைசியாகப் புதுப்பித்த தேதி போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. இப்போது எந்தக் காணொளியானாலும், எந்தக் கட்டுரையானாலும் முதலில் என் கண் போவது தேதிக்குத்தான். பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது; என் பள்ளிப் படிப்பு தமிழ் வழி. முதல் சில வாரங்கள் ஒரு பக்கம் படிக்க ஒரு மாலை ஆனது. ஆனால் அந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். ஒரு நோட்டில் அவற்றை எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி வைத்தேன். கோடை வருவதற்குள் நோட்டைத் திறக்காமலே படிக்க முடிந்தது. நிரலாக்கத்தின் அடிப்படைகளை முதலில் தமிழில் படித்துத் தெளிய விரும்புகிறவர்களுக்குக் கணியம் தளத்தில் இலவச மின்னூல்கள் உண்டு. பிழைச் செய்திகளைக் கண்டு மிரள வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் லாக்கேட் என்ற பகுதியில் கொட்டும் நூறு வரியில், இன்னதால் விளைந்தது என்று காரணம் சொல்லும் வரியையும், அதற்குக் கீழே உங்கள் சொந்தக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும் இடத்தையும் மட்டும் தேடுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடக்கும்.

என்ன செயலி எழுதுவது என்பதற்கு நான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. அம்மா பீடி சுற்றுகிறாள். கடையில் பீடி இலையையும் புகையிலைத் தூளையும் நிறுத்துக் கொடுப்பார்கள். வீட்டில் சுற்றிக் கட்டுக் கட்டி, மறுபடி கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் எண்ணி, சரியில்லாததைக் கழித்துவிட்டு வரவு வைப்பார்கள். இலை போதாமல் போனால் தன் காசில் வாங்கிப் போட வேண்டும். எவ்வளவு இலை வந்தது, எத்தனை கழித்தார்கள், சொந்தக் காசு எவ்வளவு போனது என்பதை அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைப்பாள். கடைக்காரர் பாஸ் புத்தகத்தில் எழுதுவது ஒன்று, இவள் எழுதுவது ஒன்று. மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்காது. அதற்கு ஒரு சின்னச் செயலி: நாள், இலை, தூள், கொடுத்த பீடி, கழிவு, சொந்தச் செலவு. அவ்வளவுதான். இணையம் இல்லாமலே ஓட வேண்டும், எல்லாம் போனிலேயே எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டும். இப்படி ஒருவருக்காக ஒன்றை எழுதத் தொடங்கியபோது, அந்த மையத்தின் வகுப்பில் படியாதது எல்லாம் தானாகப் படிந்தது. அம்மா தினமும் பயன்படுத்தினாள். தினமும் ஒரு குறை சொன்னாள்.

கணக்குச் செயலி எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ரூபாயைத் தசமப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள். கணினி அவற்றை இரண்டின் அடிமான எண்களாக வைப்பதால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள். காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றுங்கள். எடையும் அப்படித்தான், கிராமில் முழு எண். கடையில் பேரேடு எழுதிய பழக்கத்தால் இதை நான் சீக்கிரம் கண்டுபிடித்தேன். கணக்குப் படித்தது வீணாகவில்லை என்று மனதார மகிழ்ந்த நாள் அது.

தமிழில் செயலி எழுதுகிறவர்களுக்கு வேறு வகுப்புகளில் சொல்லித்தராத ஒரு பாடம் இருக்கிறது. எந்தப் பயிற்சியிலும் எடுத்துக்காட்டுகள் ஆங்கிலப் பெயர்களாகவே இருக்கும். நம் எழுத்து அப்படி நடந்துகொள்வதில்லை. 'நெல்லை' நமக்கு மூன்று எழுத்து. கோட்லினிடம் நீளம் கேட்டால் ஆறு என்று சொல்லும். ஒற்றைக்கொம்பும் புள்ளியும் ஐகார இணைக்கொம்பும், கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தனித்தனிக் குறிகள். ஆள் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்ட வேண்டும் என்று முதல் குறியை மட்டும் எடுத்தபோது, செல்வி சித்திக்கும் சுப்பம்மாள் ஆச்சிக்கும் ஒரே 'ச' வந்தது. "என் பெயரில் கொம்பு எங்கே?" என்று சித்தி கேட்டாள். பிரேக் இட்டரேட்டர் என்ற கருவி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எழுத்தாகவே பிரித்துத் தரும். வரிசைப்படுத்துவதிலும் இதே சிக்கல். யூனிகோடு எண் வரிசையை நம்பினால் ரகரத்தை அடுத்து றகரமும், நகரத்தை அடுத்து னகரமும் வந்து நிற்கும். அகர வரிசை கலைந்துவிடும். தமிழுக்கு என்று மொழியைக் குறிப்பிட்டு, கொலேட்டர் என்ற கருவியைக் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும். பொத்தான்களில் எழுதும் சொற்கள் தமிழில் நீளும். அம்மாவைப் போன்றவர்கள் போனில் எழுத்தளவை ஆகப் பெரிதாக வைத்திருப்பார்கள். ஒரே வரியில் அடங்கும் என்று எண்ணி வடிவமைத்தால் சொல்லின் பாதி காணாமல் போகும். உங்கள் போனிலும் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

நினைவூட்டல் வைப்பதில் ஒரு மாதம் போயிற்று. என் போனில் சரியாக ஒலித்த மணி, பக்கத்து வீட்டு மதினி போனில் ஒலிக்கவே இல்லை. ஆண்ட்ராய்டு 6இல் இருந்தே, சும்மா கிடக்கும் போனில் செயலிகளை உறங்க வைக்கும் ஏற்பாடு உண்டு. அதற்கு மேல் சில போன் நிறுவனங்கள் மின்சேமிப்பு என்று சொல்லித் தாமாகவே செயலிகளை நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டு 13இல் இருந்து அறிவிப்புக் காட்டுவதற்கே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். குறைந்தது மூன்று வேறு நிறுவனங்களின் போன்களில் ஓட்டிப் பார்க்காமல் "வேலை செய்கிறது" என்று சொல்லாதீர்கள். போன்கள் வாங்க வேண்டாம். தெருவில் இருக்கும் போன்களே போதும்.

2023 டிசம்பரில் வெள்ளம் வந்தது. நான் வார நாட்களில் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் தரைத்தளத்தில் நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தேன். 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நான் ஊரில் இருந்தேன். லேப்டாப் அறையில் இருந்தது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனும் மீனாட்சிபுரமும் சிந்துபூந்துறையும் முழுகின. மின்சாரமும் சிக்னலும் வந்து, அறைக்குப் போய்ப் பார்த்தபோது மேசை கவிழ்ந்து லேப்டாப் சேற்றுக்குள் கிடந்தது. நிரலை இணையத்தில் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி வைத்திருந்ததால் நிரல் முழுவதும் தப்பியது. இலவசமாக, யாருக்கும் தெரியாத தனிக் களஞ்சியமாகவே அங்கே வைத்துக்கொள்ளலாம். எழுதுகிற ஒவ்வொரு நாளும் ஏற்றிவிடுங்கள். 32,000 ரூபாய்க்கு, 16 ஜிபி ரேமோடு இன்னொரு லேப்டாப் வாங்கினேன். கடன்தான். அந்த வாரத்தில் எத்தனையோ வீடுகளில் எல்லாமே போயிருந்தன. லேப்டாப்புக்காக அழுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நிரலோடு சேர்ந்து தப்பாத ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியும் ஒரு சாவிக் கோப்பைக் கொண்டு கையொப்பமிடப்படுகிறது. அந்தக் கோப்பு லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. வெள்ளத்துக்கு முன்பே தெருவில் சிலருக்கு வாட்ஸ்அப் வழியாகச் செயலியை அனுப்பி, அவர்கள் மாதக்கணக்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். புதிய லேப்டாப்பில் புதிய சாவியோடு உருவாக்கிய பதிப்பை அனுப்பினால், எந்தப் போனும் அதைப் பழையதன் மேல் நிறுவ ஒப்புக்கொள்ளவில்லை. கையொப்பம் மாறினால் அது வேறு ஒருவர் செய்த செயலி என்றே ஆண்ட்ராய்டு கொள்ளும். பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ முடியும். நீக்கினால் உள்ளே இருக்கும் கணக்கு எல்லாம் போய்விடும். வீடு வீடாகப் போய், ஒவ்வொருவர் போனிலும் இருந்த கணக்கை நோட்டில் எழுதி எடுத்து, செயலியை நீக்கி, புதியதை நிறுவி, மறுபடி தட்டிக் கொடுத்தேன். செல்வி சித்தி மட்டும் பக்கத்தில் இருந்து வரி வரியாக வாசித்துச் சரிபார்த்தாள். அவளுக்கு அந்த எண்கள் கூலி. நான் கண் கலங்கியது அப்போதுதான். ஆகவே, முதல் நாளே சாவிக் கோப்பை உருவாக்கி, அதையும் அதன் கடவுச்சொல்லையும் இரண்டு வேறு இடங்களில் வைத்துவிடுங்கள். நிரலோடு சேர்த்துக் களஞ்சியத்தில் போட வேண்டாம். ஒருவருக்குக்கூட அனுப்பும் முன், கணக்கைக் கோப்பாக வெளியே எடுக்கவும் மறுபடி உள்ளே சேர்க்கவும் ஒரு வசதியைச் செயலியில் எழுதிவிடுங்கள். பிளே ஸ்டோர் வழியாகப் போனால் இந்த ஆபத்து குறைவு. 2021 ஆகஸ்டில் இருந்து புதிய செயலிகள் அனைத்துக்கும் இறுதிக் கையொப்பச் சாவியைக் கூகுளே வைத்திருக்கும். உங்கள் கையில் இருப்பது பதிவேற்றும் சாவி மட்டும். அது தொலைந்தால் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம்.

அதனால் 2024 தொடக்கத்தில் பிளே ஸ்டோருக்குப் போனேன். கணக்கு தொடங்க ஒரே ஒருமுறை 25 டாலர். அன்றைக்கு 2,100 ரூபாய்க்குப் பக்கம். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே இயக்கி வையுங்கள், அடையாளச் சான்றில் இருக்கும் பெயரையே கொடுங்கள். இதற்கு மேல் ஒரு விதி காத்திருந்தது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், குறைந்தது 20 பேரைச் சேர்த்து 14 நாட்கள் தொடர்ச்சியாகச் சோதனை நடத்திய பிறகுதான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். 2024 டிசம்பரில் அந்த 20ஐ 12ஆகக் குறைத்துவிட்டார்கள்; இப்போது தொடங்குகிறவர்களுக்குச் சுமை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் பார்த்த காணொளிகள் எல்லாம் அந்த விதி வருவதற்கு முன் எடுத்தவை. ஒன்றிலும் இது இல்லை. 20 பேரைச் சேர்த்துத் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு 1,500 ரூபாய் அனுப்பினேன். சேர்ந்தவர்கள் இரண்டாம் நாளே விலகிவிட்டார்கள், அவரும் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்த வழி வேண்டவே வேண்டாம்.

பிறகு தெருவையே கேட்டேன். பீடிக் கடை வாசலில் நின்று ஒவ்வொருவர் போனையும் வாங்கி, அதில் எந்த ஜிமெயில் முகவரி இருக்கிறது என்று அமைப்புகளில் பார்த்து எழுதிக்கொண்டேன். பலருக்குத் தங்கள் போனில் மின்னஞ்சல் இருப்பதே தெரியாது. போன் வாங்கிய அன்று கடைக்காரரோ பேரனோ தொடங்கிக் கொடுத்தது. பட்டியலில் சேர்த்த அதே முகவரியில்தான் அழைப்பு இணைப்பைத் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் சேராது. அளவுக்கு மேல் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், யாராவது போனை மாற்றுவார்கள். பெயருக்குச் சேர்ந்திருந்தால் போதாது, உண்மையாகப் பயன்படுத்த வேண்டும். விண்ணப்பத்தில், சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு என்ன மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். என் முதல் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இன்னொரு இரண்டு வாரம் நடத்த வேண்டியிருந்தது. அந்த இரண்டாம் சுற்றில் பெண்கள் சொன்னதை எல்லாம் தேதியோடு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் செய்த திருத்தத்தையும் குறித்து வைத்தேன். அதை வைத்து எழுதிய விண்ணப்பம் ஏற்கப்பட்டது. செயலி வெளிவந்த அன்று மாலை அம்மா தன் போனில் தேடி எடுத்து, தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தாள்.

வெளியான பிறகு டவுனில் ஒரு கடைக்காரர் தன் கடைக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். 20,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சு; 5,000 முன்பணம். வாரத்துக்கு ஒரு புதிய வசதி கேட்டார், கேட்டதை எல்லாம் சேர்த்தேன். முடிந்ததும் மீதிப் பணம் வரவில்லை. முதல் வேலைக்கு ஆசைப்படும் மனநிலை எனக்குப் புரிகிறது, அதனால்தான் சொல்கிறேன்: என்னென்ன திரைகள், என்னென்ன வசதிகள் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். பாதிப் பணம் முன்னால், பட்டியலில் இல்லாததற்குத் தனிக் கட்டணம், கடைசிப் பதிப்பைக் கொடுக்கும் முன் மீதி. பிளே கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும், அவரே தொடங்கட்டும். நாளை வேறு ஒருவரைக் கொண்டு பராமரிக்க அவருக்கும் அதுதான் நல்லது. கடைக் கணக்கு வேலையை நான் இன்னும் விடவில்லை. மாலையில் வரும் சிறு வேலைகளில் கடன் குறைந்துகொண்டு வருகிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வெளியிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை. புதிய ஆண்ட்ராய்டு பதிப்பை இலக்காக வைத்துச் செயலியை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்லிப் பிளே ஸ்டோர் கேட்கும். 2025 ஆகஸ்ட் 31 முதல், புதுப்பிப்புகள் ஆண்ட்ராய்டு 15ஐ, அதாவது நிரலாளர்கள் எண்ணால் சொல்லும் ஏபிஐ 35ஐ இலக்காகக் கொள்ள வேண்டும் என்று ஆனது. அப்படி மாற்றினால் ஆண்ட்ராய்டு 15 போன்களில் திரை மேலும் கீழும் விளிம்பு வரை நீளும். அதற்கு ஏற்ப இடம் விடாததால், கீழே இருந்த 'சேமி' பொத்தான் போனின் சொந்தப் பொத்தான்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அம்மாவின் பழைய போனில் எல்லாம் சரியாக இருந்தது; புதுப் போன் வைத்திருந்த மதினிதான் கண்டு சொன்னாள். கம்போஸில் ஸ்காஃபோல்டு என்ற திரைச் சட்டம் தரும் உள்ளிடைவெளியைப் பயன்படுத்தினால் இது தீரும். ஆண்டுக்கு இரண்டு சனி, ஞாயிறுகளை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். அடுத்த பதிப்பில் மாதக் கணக்கைத் தாளில் அச்சிட்டு எடுக்கும் வசதியும் வருகிறது. பாஸ் புத்தகத்தோடு வைத்துக் கடையிலேயே ஒப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.